கெட்ட செய்தி சொல்லாத அக்கா

எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை ஒரு டப்பா நிறைய அன்னாசி டார்ட் வந்தது. கொண்டுவந்தவர் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தின் விற்பனையாளர். அவர்களுடைய மென்பொருள் வேண்டாம் என்று எங்கள் பக்கம் முடிவாகிவிட்டிருந்தது. அதை அவருக்குத் தெரிவிக்கும் வேலை அக்காவிடம் வந்தது. அக்கா எழுதிய மின்னஞ்சலைப் படித்த மனிதர், ஒப்பந்தம் தமக்குத்தான் கிடைத்துவிட்டது என்று நினைத்து நன்றி சொல்ல நேரிலேயே வந்துவிட்டார். அக்கா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, லிஃப்ட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். உண்மையை மறுநாள் வேறு யாரோ தொலைபேசியில் சொன்னார்கள்.

நாங்கள் டார்ட்டைத் தின்றுகொண்டே சிரித்தோம். அக்காவும் சிரித்தார்.

"அவரு அவ்ளோ சந்தோஷமா வந்து நிக்கிறாரு லா. மூஞ்சியப் பாத்து என்னத்தச் சொல்றது?"

அவரை அங்கே எல்லோருமே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சீனப் பிள்ளைகளும் மலாய்க்காரப் பிள்ளைகளும்கூட அது ஒரு பதவியின் பெயர் என்பதுபோல "அக்கா, அக்கா" என்பார்கள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். குளிர்சாதனத்துக்குப் பயந்து எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் சிங்கப்பூர்; பேச்சில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டே வரும். புக்கிட் பாத்தோக்கில் அம்மாவோடு இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு மனம் கோணாதபடி ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

நான் புதுக்கோட்டையிலிருந்து வேலை அனுமதியில் வந்தவள். அந்த அனுமதியை ஒட்டித்தான் கணவரும் மகள் யாழினியும் இங்கே இருந்தார்கள். கணவர் வேலை தேடிக்கொண்டிருந்தார். மார்சிலிங்கில் ஒரு வாடகை வீடு. என் வேலை நின்றால் மூன்று பேரும் கிளம்ப வேண்டியதுதான். இந்தக் கணக்கு அலுவலகத்தில் என்னைத் தவிர அக்கா ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும்.

சரக்குக் கப்பல்களின் பெட்டிகள் எங்கே நிற்கின்றன, எங்கே போகின்றன என்று கணக்கு வைக்கும் நிறுவனம் அது. எல்லாம் லினக்ஸ் சர்வர்களில் ஓடும். அந்தச் சர்வர்களில் யார் யார் எதைத் தொடலாம் என்பதைக் குழுக்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு குழுவில் உங்கள் பெயர் இருந்தால் அந்தக் குழுவுக்கு உரிய கோப்புகளைத் திறக்கலாம், எழுதலாம். பெயர் இல்லையென்றால் அனுமதி இல்லை என்று ஒரே வரியில் பதில் வரும். பெயரைச் சேர்ப்பதும் எடுப்பதும் அக்காவின் வேலை.

சேர்ப்பது அவருக்குப் பண்டிகை மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் இருக்கைக்கே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, "உன்ன உள்ள போட்டுட்டேன் மா. இப்ப பாரு" என்றார். பார்த்தால் அனுமதி இல்லை. நான் பதறிப்போனேன். அவர் என் தோளில் தட்டினார்.

"நீ உள்ள வந்தப்ப குழுவுல உன் பேரு இல்ல. சிஸ்டம் அந்தப் பழைய நெனப்புலயே இருக்கும். வெளிய போயிட்டு மறுபடி லாகின் பண்ணு, புதுசா எண்ணிப் பாக்கும்."

அப்படியே செய்தேன். id என்று அடித்தால் நான் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறேன் என்று திரை சொல்லும். புதிய குழுக்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஊரைவிட்டு வந்த மூன்றாவது வாரத்தில், ஒரு திரையில் என் பெயரோடு அத்தனை பெயர்களைச் சேர்த்துப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல என் மேசையிலிருந்த மகளின் புகைப்படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அன்றைக்கே அவர் எனக்குச் சொந்த அக்கா ஆகிவிட்டார்.

எடுப்பதுதான் அவருக்கு ஆகாது. வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள்கூடக் குழுக்களில் மாதக்கணக்கில் கிடக்கும். தணிக்கைக்காரர்கள் கேட்டால், "எடுக்கணும், எடுக்கணும்" என்பார். போனவருக்கு அது தெரியப்போவதே இல்லை. அப்படியும் அவருக்குக் கை வராது.

அலுவலகத்துக்குக் கீழே ஒரு கோப்பிக் கடை. அக்காவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. "கோப்பி ஓ கோசோங்" என்று சொல்லித்தான் வாங்குவார். பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் காப்பி. கடை முதியவருக்குக் காது மந்தம். 'கோசோங்' அவர் காதில் விழுவதேயில்லை. சீனி போட்ட காப்பியை நீட்டுவார். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, தூணுக்குப் பின்னால் போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வருவார். தினமும். நான் முதல்முறை பார்த்தபோது, "சொல்லிடலாமே அக்கா, வேற போட்டுத் தருவாரே" என்றேன்.

"இத்தன வருஷமா தப்பாக் கொடுத்திருக்கோம்னு அவருக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாரு மா. விடு."

எனக்கு அது பெரிய குணமாகத் தெரிந்தது. வீட்டில் கணவரிடம் சொல்லிச் சொல்லி மெச்சினேன்.

அக்காவின் அம்மா விஷயத்தில்தான் எனக்கு முதல்முறையாக ஏதோ நெருடியது. அக்காவின் தம்பி வெளிநாட்டில் குடியேறி, ஏதோ மனத்தாங்கலில் வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். அக்கா அதை அம்மாவிடம் சொல்லவில்லை. "நீங்க மத்தியானம் தூங்கிட்டிருந்தீங்கம்மா, தம்பி ஃபோன் பண்ணான். எழுப்ப வேணாம்னுட்டான்" என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு நாங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து மற்றவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில் அந்த அம்மா மட்டும் கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் படுங்களேன்மா" என்றேன்.

"இல்லம்மா. நான் தூங்குறப்பத்தான் அவன் கூப்பிடுறான். அதான் இப்பல்லாம் பகல்ல தூங்குறதில்ல."

அடுப்படியில் அக்கா தட்டு கழுவிக்கொண்டிருந்தார். இது அவர் காதில் விழுந்திருக்கும். குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டார். அவ்வளவுதான்.

அன்றைக்கே நான் அவரைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று கணவர் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். அக்கா நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தச் சிங்கப்பூர் வாழ்க்கையில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது அவர் ஒருவரைத்தான்.

அந்த வருடம் யாழினியைப் பாலர் பள்ளியில் சேர்த்தோம். சீருடை தொளதொளவென்று இருந்தது. அக்காவுக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் ஃபேரர் பார்க்கில் இருந்தார். ஒரு சனிக்கிழமை காலை அக்கா எங்களை அங்கே அழைத்துப் போனார். யாழினி சீருடையைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினாள். அக்கா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, கவுன் விளிம்பில் குண்டூசி குத்தி உயரம் பார்த்தார்.

"துணிய வெட்டிடாதீங்க பாய். உள்ள மடிச்சுத் தைங்க. புள்ள வளந்தா அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்."

"அடுத்த வருஷமும் இதேவா?" என்று யாழினி கேட்டாள்.

"ஆமாடா கண்ணு. அடுத்த வருஷமும் இதே ஸ்கூல், இதே கவுன்" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார் அக்கா. பிறகு சாப்பிடப் போனோம். தோசையைப் பிய்த்து யாழினிக்கு ஊட்டிவிட்டதும் அவர்தான். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடாமல் நின்றார். பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகம் போய் வேலையைத் தொடங்கினேன். அந்த வாரம் வெளியாக வேண்டிய ஒரு மாற்றத்தைச் சர்வரில் ஏற்ற வேண்டும். புது விண்டோ திறந்து லாகின் செய்து கோப்பை எழுதப் போனால், அனுமதி இல்லை. விசித்திரம் என்னவென்றால், போன வாரம் திறந்து மூடாமல் விட்டுப்போன பழைய விண்டோ ஒன்று இருந்தது. அதில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டிலும் id அடித்துப் பார்த்தேன். பழையதில் என் குழுக்கள் அத்தனையும் இருந்தன. புதியதில் எதுவும் இல்லை.

அக்கா அன்று வீட்டிலிருந்து வேலை செய்தார். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அப்படியா மா? இரு, ஒண்ணொண்ணாப் பாப்போம்" என்றார். அதே இதமான குரல்.

பார்த்தோம். கோப்புறையின் பெயரைச் சரியாக அடித்தேனா என்று கேட்டார். அது எந்தக் குழுவுக்குச் சொந்தம் என்று பார்க்கச் சொன்னார். எழுதும் அனுமதி குழுவுக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தது. பொறுமையாக, என் கூடவே உட்கார்ந்திருப்பதுபோல, ஒவ்வொன்றுக்கும் "ம்ம், அடுத்தது பாரு" என்றுகொண்டே வந்தார்.

"அக்கா, பழைய விண்டோவுல குழு இருக்கு, புதுசுல இல்ல. அப்படின்னா நடுவுல யாராவது என் பேர எடுத்திருக்கணும்ல?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"பேரெல்லாம் வெச்சிருக்கிற டைரக்டரி சர்வர் சில சமயம் இப்படிப் பண்ணும் லா. பழைய தகவல வெச்சுக்கிட்டுக் குழப்பும். ஒண்ணு பண்ணு மா. அந்தப் பழைய விண்டோவையும் மூடிடு. எல்லாத்தையும் மூடிட்டு ஃப்ரெஷ்ஷா உள்ள வா."

வேறு யார் சொல்லியிருந்தாலும் யோசித்திருப்பேன். வேலை செய்கிற ஒரே விண்டோவை எதற்கு மூட வேண்டும்? சொன்னது அக்கா. மூடினேன். திரும்ப உள்ளே போய் id அடித்தேன். என் பெயர் மட்டும் வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு குழுவும் இல்லை.

"இப்ப எதுலயுமே இல்லக்கா."

"சரி மா. நான் பாக்குறேன். நீ போய் ஏதாவது சாப்பிடு" என்று வைத்துவிட்டார்.

அவர் பார்ப்பார் என்று நம்பி நான் உண்மையிலேயே கீழே போய்ச் சாப்பிட்டேன். திரும்பி வரும் வழியில் மேலாளர் எதிரே வந்தார். சீனர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். என்னைப் பார்த்ததும் நின்றார். முகத்தில் ஒரு மாதிரி வருத்தம்.

"யூ ஓகே ஆ?" என்றார்.

குழுவில் என் பெயர் காணாமல் போய்விட்டது, அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"ஷி நெவர் டெல் யூ?"

என்னை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். நான் செய்துகொண்டிருந்த வேலை முழுவதும் வேறு நாட்டிலுள்ள கிளைக்குப் போகிறது. என் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை. போன வியாழக்கிழமையே அக்காவிடம் சொல்லியாகிவிட்டது: முதலில் அவளிடம் பக்குவமாகச் சொல், பிறகு அனுமதிகளை எடுத்துவிடு, உங்கள் இருவருக்கும் ஒரே மொழி, நெருக்கம் வேறு, நீ சொன்னால் தாங்கிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை மாலை, "எல்லாம் முடிந்தது" என்று அக்கா அவருக்குப் பதிலும் அனுப்பியிருக்கிறார். பழைய இணைப்பு ஒன்று மட்டும் இன்னும் திறந்திருப்பதாகவும் திங்கட்கிழமை அதையும் முடித்துவிடுவதாகவும் எழுதியிருந்தாராம்.

வேலை போனது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. வியாழன், வெள்ளி என்று மட்டும் மனது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்தது சனி. முட்டி போட்டு உட்கார்ந்து குண்டூசி குத்திய அக்கா. உள்ளே மடித்துத் தைங்க, அடுத்த வருஷம் பிரிச்சுக்கலாம். இருக்கையில் வந்து உட்கார்ந்து அக்காவுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. 'மீட்டிங்ல இருக்கேன் மா, அப்புறம் கூப்பிடுறேன்' என்று செய்தி வந்தது.

கூப்பிடவில்லை. நேரில் வந்தார். அன்று மாலை புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயிலேறி மார்சிலிங் வந்து, எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரிய பையோடு நின்றார். பிரியாணி, யாழினிக்குக் கேக். யாழினி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். என் கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா தரையில் உட்கார்ந்து யாழினியோடு படம் வரைந்தார். யானைக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்று இருவரும் நெடுநேரம் பேசினார்கள். என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கிளம்பியபோது நானும் லிஃப்ட் வரை போனேன்.

"வியாழக்கிழமையே தெரியும் உங்களுக்கு."

பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை டெய்லர் கடையில தெரியும்."

"புள்ள அவ்ளோ ஆசையா ஆடிக்கிட்டு இருந்துச்சு மா. அங்க வெச்சு எப்படி..."

"இன்னிக்குக் காலையில ஃபோன்ல? அங்க புள்ள இல்லையே. அத்தன நேரம் என்கூட சேர்ந்து தேடுனீங்களே. எடுத்தது நீங்க. எங்க போச்சுன்னு என்கூடவே தேடுனீங்க. கடைசி விண்டோவையும் என் கையாலயே மூட வெச்சீங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நீயாவே கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சேன் மா. நீ கெட்டிக்காரி லா."

லிஃப்ட் வந்தது. ஏறிக்கொண்டார். கதவு மூடும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர்மேல் எனக்கு இருந்த கோபம் வேலை போனதற்காக அல்ல. அதை முடிவு செய்தவர்கள் வேறு. அவர் வியாழக்கிழமை சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அவர் மடியிலேயே அழுதிருப்பேன். என் அழுகையைப் பார்க்கும் கஷ்டத்திலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் அந்த நான்கு நாளும் என்னை முட்டாளாக்கி வைத்திருந்தார். நல்ல மனசு என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். சாக்கடையில் ஊற்றிய காப்பியும், அந்த அம்மா பகலில் தூங்காததும் அதற்குப் பிறகு எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

சிங்கப்பூரிலேயே வேறு வேலைக்கு அலைந்தேன். இரண்டு இடங்களில் கிட்டத்தட்டக் கிடைத்து நழுவியது. அனுமதி முடிந்ததும் ஊர் திரும்பினோம். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறோம். கணவருக்கு முதலில் வேலை கிடைத்தது, பிறகு எனக்கு. யாழினிக்கு மார்சிலிங் பெரிதாக நினைவில்லை. குறையொன்றும் இல்லை. ஆனாலும் புதிதாக யாராவது என்னிடம் அன்பாகப் பேசினால், இவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்றுதான் முதலில் தேடுகிறேன். அந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது அக்கா.

அவரைக் கடைசியாகப் பார்த்தது என் பிரிவு விருந்தில். லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ஏற்பாடு எல்லாம் அக்காதான். எனக்குப் பிடிக்கும் என்று மீன் வறுவலும் நண்டும் சொல்லி, மேலாளரிலிருந்து எல்லோரையும் வரவழைத்து, என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஓடி ஓடிப் பரிமாறச் சொன்னார். எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

"அக்கா, நீங்க இன்னும் அத உங்க வாயால சொல்லவே இல்ல. ஒரே ஒரு தடவ என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. உன் வேலை போச்சு, நான்தான் உன் பேர எடுத்தேன்னு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அத்தோட விட்டுடுறேன்."

அக்கா என் இலையைப் பார்த்தார். குழம்பு ஊற்றிப் பிசையாமல் கிடந்த சோற்றைப் பார்த்தார்.

"சோறு ஆறுது மா. சாப்பிடு."

அப்போது கணவரிடமிருந்து அழைப்பு வந்தது. இடது கையால் தொலைபேசியை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போனேன். விமானத்தில் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடைபாதையில் தோளோடு தோள் இடித்துப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஓரமாக நின்று பதில் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

என் இலை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் பாதிகூடச் சாப்பிடவில்லை. சோறும் மீனும் உள்ளேயே இருக்க, இலை கனமாகப் புடைத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் அக்கா மேசையின் மறுபக்கம் திரும்பி, யாருடைய டம்ளரிலோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.